குன்றிமணிக் கேணி

முருக்க மரம் பூத்துவிட்டால் சுள்ளிக்காட்டில் எல்லா வாயிலும் ஒரே பேச்சுதான். யானைக்குட்டையில் எவ்வளவு தண்ணீர் மிச்சம்? இன்னும் எத்தனை நாளைக்கு வரும்?

அந்த வருடம் குட்டை சீக்கிரமே சுருங்கிவிட்டது. கரைச் சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்தது. மான் கூட்டம் முன்னதாகவே பேராற்றுக்குக் கிளம்பிப் போய்விட்டது. பேராறு எந்தக் கோடையிலும் வற்றாது. மானுக்கு அது ஒரு நாள் நடை. எலிக்கு ஆறு நாள். வழி முழுக்க மொட்டைப் பாறை. இரண்டு இடத்தில் சுனை உண்டு, ஆனால் கடிக்க ஒரு புல் கிடைக்காது. கையில் சாப்பாடு இருந்தால்தான் போய்ச் சேரலாம்.

காத்தாயி என்ற வெள்ளெலியும் அவள் புருஷன் சடையனும் போவதற்குத் தயாராகத்தான் இருந்தார்கள். வளை நிறையப் புல்லரிசி இருந்தது. மழைக்காலம் முடிந்ததிலிருந்து இருவரும் கதுப்பில் அடக்கி அடக்கிக் கொண்டுவந்து சேர்த்தது. வழிக்கும் போதும், போன இடத்தில் ஒரு மாதத்துக்கும் போதும்.

தடை ஒன்றுதான். நான்கு குட்டிகள். கண் திறந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது.

"பத்து நாள் பொறுப்போம். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கால் ஊன்றட்டும்," என்றாள் காத்தாயி.

"பத்து நாள்தான். அதற்கு மேல் ஒரு நாள்கூட ஆகாது," என்றான் சடையன்.

அந்தப் பத்து நாளுக்குள் உடும்பு மாசாணம் கூட்டம் போட்டான்.

மாசாணத்தை அதுவரை யாரும் குறை சொன்னதில்லை. கறையான் புற்று தோண்டிப் பிழைத்தவன். நகம் ஒவ்வொன்றும் கருவேல முள் போல இருக்கும். பேச்சும் நன்றாக வரும். 'நான்' என்பதைவிட 'நாம்' என்பதுதான் அவன் வாயில் அதிகம் வரும்.

இலுப்பை மரத்தடியில் சின்னப் பிராணிகள் எல்லாம் கூடின. மாசாணம் ஒரு வேர்மேல் ஏறிப் படுத்துக்கொண்டு பேசினான்.

"காட்டாற்று மணலுக்கு அடியில் தண்ணீர் ஓடுகிறது. நடக்கும்போது என் வயிற்றில் அந்தக் குளிர்ச்சி தட்டுகிறது. அங்கே நாம் ஒரு கேணி தோண்டுவோம். வருடா வருடம் பிள்ளை குட்டியோடு பேராற்றுக்கு ஓடுகிற பிழைப்பு இந்த வருடத்தோடு ஒழியட்டும்."

"தோண்டுவது யார்?" என்று கௌதாரி கேட்டது.

"நானும் முள்ளம்பன்றிகள் இரண்டு பேரும். தோண்டுகிறவன் இரை தேடப் போக முடியாது இல்லையா? அதனால் நீங்கள் எங்களுக்குத் தானியம் கொடுங்கள். சும்மா கொடுக்க வேண்டாம். கேணியில் பங்கு தருகிறேன்."

அவன் வாலை நகர்த்தினான். பின்னால் குன்றிமணிகள் சின்னக் குவியலாகக் கிடந்தன. ஒவ்வொரு மணியிலும் அவன் நகத்தால் கீறிய கோடு இருந்தது.

"கேணியில் ஒரு நாளைக்கு அறுபது வயிறு தண்ணீர் ஊறும். அதனால் அறுபதே மணி. ஒரு மணி வைத்திருப்பவருக்குத் தினமும் ஒரு வயிறு தண்ணீர். அவர் காலத்துக்கும் உண்டு, அவர் பிள்ளை காலத்துக்கும் உண்டு. ஒரு மணிக்கு இருபது நத்தைக்கூடு தானியம். வேம்பு பூக்கும்போது நீங்கள் தண்ணீர் குடிப்பீர்கள்."

காத்தாயி முன்னால் வந்தாள். "அண்ணே, அறுபதுக்கு மேலே போகாதே?"

மாசாணம் முன்னங்காலை மண்ணில் ஊன்றினான். "இந்த மண்ணைத் தொட்டுச் சொல்கிறேன் தாயி. அறுபதுதான்."

"அறுபதுக்கு மேல் போகாமல் யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று கௌதாரி மறுபடி கேட்டது.

"நான்தான்," என்றான் மாசாணம்.

எல்லாரும் சிரித்தார்கள். உடும்பின் பக்கம் நின்று சிரித்தார்கள். மண்ணைத் தொட்டுச் சத்தியம் செய்தவனிடம் இப்படியா கேட்பது என்று கௌதாரியைத்தான் முறைத்துப் பார்த்தார்கள். மறுநாள் விடியற்காலையில் கௌதாரி தன் குஞ்சுகளை முன்னால் விட்டு ஓட்டிக்கொண்டு பேராற்றுப் பக்கம் போய்விட்டது.

வளையில் காத்தாயியும் சடையனும் வெகு நேரம் பேசினார்கள்.

"மூன்று மணி வாங்குவோம்," என்றாள் காத்தாயி. "உனக்கொன்று, எனக்கொன்று, பிள்ளைகள் நாலுக்கும் சேர்த்து ஒன்று."

"அறுபது கூடு தானியம் போய்விடும். மிச்சம் ஒரு மூலைதான் இருக்கும். பிறகு பேராற்றுக்குப் போக வேண்டும் என்று நினைத்தாலும் போக முடியாது."

"எதற்குப் போக வேண்டும்? இங்கேயே தண்ணீர் வரப் போகிறதே. ஆறு நாள் பாறையில் இந்தப் பிஞ்சுகளை இழுத்துக்கொண்டு போகச் சொல்கிறாயா? போன வருடம் என் தங்கை போனாள். அவள் மூன்று பிள்ளையோடு போய் ஒன்றோடு சேர்ந்தாள்."

சடையன் நத்தைக்கூட்டை எடுத்துத் தானியத்தை அளக்கத் தொடங்கினான். மறுநாள் இருவரும் தானியத்தைச் சுமந்துபோய்க் கொட்டினார்கள். மாசாணம் மூன்று மணிகளை எடுத்துக் காத்தாயி கையில் வைத்தான். சிவப்பும் கறுப்புமாக அவை பளபளத்தன. அவள் அவற்றைக் குட்டிகள் படுத்திருந்த பஞ்சுக்கு அடியில் வைத்தாள்.

வேலை ஆரம்பமாயிற்று. மாசாணம் ஆரம்பத்திலேயே ஏமாற்ற நினைத்தான் என்று சொல்ல முடியாது. முதல் சில நாட்கள் அவனும் தோண்டினான். முள்ளம்பன்றிகளும் தோண்டின. மணல் மேடாக வெளியே வந்து குவிந்தது. எல்லாரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

பிறகு மாசாணம் ஒரு மைனாவை வேலைக்கு வைத்தான். அவள் பெயர் சிங்காரி. கேணியில் நடப்பதை மரம் மரமாகப் போய்ச் சொல்வதுதான் அவள் வேலை.

"நாலு முழம் ஆகிவிட்டது," என்பாள் ஒரு நாள். "ஐந்தாவது முழத்தில் ஈர மண். நானே மூக்கால் தொட்டுப் பார்த்தேன்," என்பாள் இன்னொரு நாள். அவள் வந்துவிட்டுப் போனால் அன்று முழுக்கக் காத்தாயிக்குக் கால் தரையில் பாவாது.

வேம்பு பூத்தது. காடெல்லாம் மணத்தது. கேணியில் தண்ணீர் வரவில்லை.

மாசாணம் மறுபடி கூட்டம் போட்டான்.

"பாறை வந்துவிட்டது," என்றான். குரலில் வருத்தம் இல்லை. "பாறை வந்தது நல்ல சகுனம். அடியில் பாறை இருந்தால்தான் தண்ணீர் தங்கும். ஆனால் அதை உடைக்க இன்னும் ஆள் வேண்டும். ஆளுக்குச் சாப்பாடு வேண்டும். இன்னும் அறுபது மணி போடலாம் என்று பார்க்கிறேன். பயப்படாதீர்கள். ஆழம் இரட்டிப்பானால் ஊற்றும் இரட்டிப்பாகும். நூற்றிருபது வயிறு ஊறும். உங்கள் பங்கு ஒரு சொட்டு குறையாது. கொன்றை பூக்கும்போது தண்ணீர்."

"மண்ணைத் தொட்டுச் சொன்னாயே," என்றான் சடையன்.

"சொன்னேன். அப்போது பாறை இருப்பது எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருந்தால் நீ சொல்லியிருக்கலாமே."

கூட்டம் சிரித்தது.

"இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்," என்றான் மாசாணம். "தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம் மணி கூட்டிக்கொள்ளும் உரிமையையும் எனக்கு இப்போதே கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் உங்களைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்ய வேண்டாம் பாருங்கள்."

இரண்டு குழி தோண்டினார்கள். சரி என்கிறவர்கள் மணியை ஒரு குழியில் போட வேண்டும். வேண்டாம் என்கிறவர்கள் மற்றதில் போட வேண்டும். எண்ணிப் பார்த்துவிட்டு அவரவர் மணியை அவரவர் எடுத்துக்கொள்ளலாம். பாதியில் நின்றுபோன கேணியால் யாருக்கு என்ன லாபம்? கொடுத்த தானியம் திரும்பி வரவா போகிறது? காத்தாயி தன் மூன்று மணியையும் 'சரி' குழியில்தான் போட்டாள்.

புதிய மணி ஒன்றுக்கு விலை பத்து நத்தைக்கூடு.

"போன தடவை இருபது. இப்போது பத்து," என்றாள் காத்தாயி. "பாதி விலை. இன்னும் இரண்டு வாங்கிப் போட்டுவிடுவோம். பிள்ளைகள் பெரிதானால் ஒரு மணித் தண்ணீர் நாலு பேருக்குப் போதுமா?"

"விலை ஏன் பாதியானது என்று யோசித்தாயா?"

"இவ்வளவு கொடுத்தாகிவிட்டது. இப்போது கையை இழுத்துக்கொண்டால் கொடுத்ததும் வீண்தானே."

வளையின் மூலையில் மிச்சம் இருந்த தானியமும் போயிற்று. பஞ்சுக்கு அடியில் ஐந்து மணிகள் ஆயின.

கொன்றை பூத்தது. மரமெல்லாம் மஞ்சளாகத் தொங்கிற்று. யானைக்குட்டை அடியோடு வற்றிப்போயிற்று. மலையடியில் ஒரு பாறை இடுக்கில் மட்டும் கொஞ்சம் கசிவு இருந்தது. அதை நக்குவதற்குக் காத்தாயி விடியுமுன் போய் வரிசையில் நிற்பாள். நாக்கு நனையும். தொண்டைக்குப் போகாது. நக்கியதை வாயிலேயே வைத்துக்கொண்டு ஓடிவந்து குட்டிகளின் வாயில் வைப்பாள்.

சிங்காரி மட்டும் தினமும் வந்தாள். "ஒன்பது முழம் ஆகிவிட்டது. இன்றோ நாளையோ என்று இருக்கிறது," என்பாள்.

காத்தாயி ஒரு நாள் நேரே கேணிக்குப் போனாள்.

பள்ளம் ஐந்து முழம்கூட இல்லை. முள்ளம்பன்றிகள் நிழலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. மாசாணம் ஒரு பாறைமேல் கிடந்தான். வால் அடி பருத்து மினுமினுத்தது. அவனோடு அவன் தம்பிமார்கள் ஐந்தாறு பேர் புதிதாக வந்திருந்தார்கள். பக்கத்துப் பொந்தில் குன்றிமணிகள் குவியலாகக் கிடந்தன. மழைக்காலத்தில் கொடியில் தொங்குவதைக்கூட அவள் அவ்வளவு சேர்த்துப் பார்த்ததில்லை.

"அண்ணே, ஒன்பது முழம் என்று சிங்காரி சொன்னாளே?"

"ஆழத்தையும் அகலத்தையும் சேர்த்துச் சொல்லியிருப்பாள். இப்போது அகலப்படுத்துகிறோம் தாயி."

"அந்த மணியெல்லாம் யாருடையது?"

"எனக்குக் கூலி வேண்டாமா? தானியமாக எடுத்தால் உங்களுக்குத்தானே பாரம். அதனால் மணியாக எடுத்துக்கொண்டேன். தம்பிகள் மேற்பார்வை பார்க்கிறார்கள், அவர்களுக்குக் கொஞ்சம். சிங்காரி நாலு காட்டுக்கும் பறந்து பறந்து நம் கேணியின் பேரை வளர்க்கிறாள், அவளுக்குக் கொஞ்சம். மிச்சத்தை அங்கங்கே கொடுத்துத் தானியம் வாங்கினோம். இப்போது ஒரு மணி ஒரு நத்தைக்கூடுக்கே போகிறது."

காத்தாயி பொந்தைத் திரும்பிப் பார்த்தாள். "மொத்தம் எத்தனை மணி?"

"தொள்ளாயிரம் இருக்கலாம்."

"அறுபது என்று சொன்னீர்களே அண்ணே. என் பங்கைப் பறித்துவிட்டீர்களே."

மாசாணம் கோபப்படவில்லை. மெதுவாகக் கீழே இறங்கி அவள் அருகில் வந்தான். அவன் பேச்சில் அன்புகூட இருந்தது.

"உன் மணியை நான் தொட்டேனா தாயி? நீ வாங்கியது எத்தனை?"

"ஐந்து."

"வீட்டில் இருப்பது எத்தனை?"

"ஐந்து."

"பிறகு எதைப் பறித்தேன் என்கிறாய்?"

அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது. ஆனால் அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஐந்தும் அப்படியே இருந்தன. அவற்றுக்குள் இருந்த தண்ணீரைத்தான் யாரோ உறிஞ்சிவிட்டிருந்தார்கள். அவள் திரும்பி நடந்தாள்.

அன்றே சடையன் வளை வளையாகப் போய்ச் சொன்னான். கீரிப்பிள்ளை, அணில், ஓணான், முதலில் மணி வாங்கிய எல்லாரும் கொதித்துப் போனார்கள். கூட்டம் போடு என்று போய் நின்றார்கள். மாசாணம் உடனே ஒத்துக்கொண்டான்.

"தாராளமாகப் போடுவோம்," என்றான். "ஒளிக்க என்ன இருக்கிறது?"

இலுப்பை மரத்தடியில் மறுபடி இரண்டு குழி தோண்டினார்கள். பழைய அறுபது மணிக்கு மட்டும்தான் தண்ணீர், மற்றதெல்லாம் செல்லாது என்று சடையன் கேட்டான். அவன் பேசி முடித்தபோது பலருக்குக் கண் கலங்கியிருந்தது. எல்லாரும் வரிசையாக வந்து தங்கள் மணிகளை அவன் சொன்ன குழியில் போட்டார்கள். குழியின் அடி மறைந்தது.

பிறகு மாசாணமும் தம்பிகளும் வந்தார்கள். அவர்கள் மணிகளை எண்ணிப் போடவில்லை. வாலால் தள்ளினார்கள். மற்றக் குழி நிறைந்து வழிந்து மணிகள் தரையில் உருண்டன. சிங்காரி தன் பங்கைக் கொண்டுவந்து அந்தக் குவியலின் மேல் போட்டாள்.

"கூட்டிக்கொள்ள உரிமை கொடுத்தது நீங்கள்தான்," என்றான் மாசாணம். "இதே இடத்தில். இதே குழியில். காத்தாயி, நீயும்தானே போட்டாய்?"

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் 'ஆமாம்' என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில் சடையன் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் அப்போதே சொன்னேனே என்று அவன் சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவன் சொல்லவில்லை.

இப்போது பேராற்றுக்குப் போகவும் வழி இல்லை. வளையில் ஒரு மணி தானியம் கிடையாது. குட்டிகள் நடக்கிற அளவுக்கு வளர்ந்திருந்தன. ஆனால் நடக்கத் தெம்பு இல்லை. வேப்பம்பழத்தைச் சப்பிக்கொண்டு நாளை ஓட்டினார்கள்.

ஆடிக் காற்று வீசத் தொடங்கிய பிறகு ஒரு காலையில் சிங்காரி கத்திக்கொண்டு பறந்தாள். "தண்ணீர் வந்துவிட்டது! கேணியில் தண்ணீர்!"

இந்தத் தடவை அது உண்மை. பாறையின் வெடிப்பில் தண்ணீர் கசிந்து பள்ளத்தின் அடியில் தேங்கியிருந்தது. தெளிந்த தண்ணீர். பார்த்தவர்கள் அழுதுவிட்டார்கள். மாசாணத்தைச் சிலர் வாழ்த்தவும் செய்தார்கள். கூட்டத்தில் அவனை எதிர்த்து மணி போட்ட ஓணானும் அவர்களில் ஒருவன்.

ஒரு நாள் முழுக்க ஊறியது எவ்வளவு என்று அளந்து பார்த்தார்கள். அறுபது வயிறு. மாசாணம் முதல் நாள் சொன்ன கணக்கு சொட்டுக்கூடத் தப்பவில்லை.

தொள்ளாயிரம் மணிக்கு அறுபது வயிறு. ஒரு சுற்று வருவதற்குப் பதினைந்து நாள். அதிக மணி வைத்திருப்பவர்களுக்கு முதல் முறை என்று மாசாணம் வரிசை போட்டான். அதற்கும் குழி தோண்டி மணி போட்டுப் பார்த்தார்கள். அதிலும் மாசாணம் பக்கத்துக் குழிதான் நிறைந்தது.

உடும்புகளுக்கு அவ்வளவு தண்ணீர் தேவைப்படவில்லை. மாசாணத்தின் தம்பிகள் கரையில் உட்கார்ந்துகொண்டு தங்கள் முறைத் தண்ணீரைக் கிழங்குக்கும் முட்டைக்கும் விற்றார்கள். கொடுக்க ஏதாவது இருந்தவர்கள் வாங்கிக் குடித்தார்கள். காத்தாயி வீட்டில் கொடுக்க எதுவும் இல்லை.

அவள் முறை பதினொன்றாம் நாள்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் கடைக்குட்டி கண்ணைத் திறக்கவில்லை. அதற்கு முந்தின நாள் அது எழுந்து வளை வாசல்வரை நடந்து போயிருந்தது. தண்ணீர் சத்தம் கேட்கிறது அம்மா என்று சொன்னது. காற்றில் இலை சலசலத்த சத்தம்தான் அது. காத்தாயி அதைத் திருத்தவில்லை. ஆமாம், கேட்கிறது என்றாள்.

குட்டியைப் பஞ்சோடு எடுத்து வெளியே வைத்தபோது அடியில் ஐந்து மணிகளும் கிடந்தன. சடையன் அவற்றைக் காலால் எட்டித் தள்ளினான். காத்தாயி ஒவ்வொன்றாகத் தேடிப் பொறுக்கினாள்.

"இன்னும் அதை எதற்கு எடுக்கிறாய்?"

"நாளை மறுநாள் முறை," என்றாள் அவள்.

பதினொன்றாம் நாள் ஐந்து பேரும் போனார்கள். ஐந்து மணிக்கு ஐந்து வயிறு. கடைக்குட்டி இருந்திருந்தால் ஒரு வயிறு குறைந்திருக்கும். காத்தாயிக்கு அந்தக் கணக்கு தானாக மனதில் ஓடிற்று. அப்படி ஓடியதற்காகத் தன்னையே கடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அவள் குனிந்து குடித்தாள். தண்ணீர் இனித்தது.

மாசாணம் பாறைமேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். "என்ன தாயி, வாக்குக் கொடுத்தபடி தண்ணீர் வந்துவிட்டதா இல்லையா?"

அவள் குட்டிகளைக் கரையேற்றினாள். அடுத்த முறைக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது. அந்த ஈரம் வயிற்றில் இருக்கும்போதே கிளம்பிவிட வேண்டும் என்று சடையன் சொன்னான். கேணிக் கரையிலிருந்தே பேராற்றுப் பக்கம் திரும்பி நடந்தார்கள். மாசாணத்துக்கு எந்தக் குறையும் வரவில்லை. அவர்கள் போகும்போது அடுத்த காட்டாற்றில் இன்னொரு கேணி தோண்டுவதைப் பற்றி முள்ளம்பன்றிகளோடு பேசிக்கொண்டிருந்தான்.

முதல் சுனைவரை எப்படியோ போய்ச் சேர்ந்தார்கள். தண்ணீர் கிடைத்தது. ஆனால் வயிறு ஒட்டிப்போயிருந்தது. மூன்று குட்டிகளும் பாறை நிழலில் சுருண்டு படுத்தன. மூத்தது எழுந்திருக்க மறுத்தது. இன்னும் மூன்று நாள் நடை மிச்சம்.

அப்போது பக்கத்துக் கிளைவழியில் ஒரு முயல் வந்தாள். பின்னால் இரண்டு குட்டிகள். முதுகில் கொடியால் கட்டிய வள்ளிக்கிழங்கு. நல்ல பெரிய கிழங்குகள்.

"சுள்ளிக்காட்டுக் கேணிக்கு இதுதான் வழியா அக்கா?" என்று முயல் கேட்டாள். "நாங்கள் தெற்கே கரட்டுக்காட்டிலிருந்து வருகிறோம். ஒரு மைனா வந்து சொன்னாள். தண்ணீர் வந்துவிட்டதாமே, நிஜமா?"

காத்தாயி அவளைப் பார்த்தாள். முயலின் கண்ணில் இருந்த வெளிச்சம் அவளுக்குத் தெரிந்த வெளிச்சம்.

"நிஜம்தான்," என்றாள். "நானே குடித்தேன்."

"பங்கு இன்னும் கிடைக்குமா? எல்லாம் தீர்ந்துவிட்டது என்றால் இவ்வளவு தூரம் வந்தது வீணாகிவிடும். இந்த வெயிலில் இதுகளை இழுத்துக்கொண்டு பேராற்றுக்குப் போக எனக்குப் பயமாக இருக்கிறது."

சடையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். காத்தாயி அவனை முந்திக்கொண்டாள்.

"என்னிடம் ஐந்து மணி இருக்கிறது."

அவள் மணிகளைப் பாறைமேல் வைத்தாள். வெயிலில் அவை சிவந்து மின்னின. முயல் குனிந்து நகக் கோட்டைப் பார்த்தாள்.

"நீங்கள் எதற்கு விற்கிறீர்கள்?"

"இதுகளின் பாட்டி பேராற்றில் இருக்கிறாள். அங்கே போகிறோம்."

அப்படி ஒரு பாட்டி கிடையாது. முயல் நம்பினாள். ஒரு மணிக்கு ஒரு கிழங்கு என்று பேசி ஐந்து கிழங்கை அவிழ்த்து வைத்தாள். அவள் முதுகில் இரண்டுதான் மிச்சம்.

"மொத்தம் எத்தனை மணி அக்கா? மைனாவிடம் கேட்க மறந்துவிட்டேன்."

காத்தாயி மூத்த குட்டியைப் பார்த்தாள். அது கிழங்கு மணத்துக்குத் தலையைத் தூக்கியிருந்தது.

"அங்கே உடும்பண்ணன் இருப்பார். அவரைக் கேள். மண்ணைத் தொட்டுச் சொல்வார்," என்றாள்.

முயல் நன்றி சொல்லிவிட்டுக் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். அதில் சின்னது திரும்பித் திரும்பி எலிக்குட்டிகளைப் பார்த்துக்கொண்டே போயிற்று.

முயல் கண்ணிலிருந்து மறைந்ததும் சடையன் பேசினான். "சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தால் கிழங்கைக் கொடுத்திருப்பாளா?"

அவள் முதல் கிழங்கைக் கடித்து மென்று, மூத்த குட்டியின் வாயில் வைத்தாள். தானும் ஒரு துண்டு வாயில் போட்டாள். மென்றுகொண்டே முயல் போன வழியைத் திரும்பிப் பார்த்தாள்.

பங்கின் எண்ணிக்கையைக் கூட்டும் உரிமையைப் பங்கு விற்றவன் கையிலேயே விட்டுவிட்டு அவன் வாக்கை நம்புகிறவன் தன் பங்கை இழப்பதோடு நிற்பதில்லை, அந்த நட்டத்தைத் தன்னைப் போன்ற இன்னொரு ஏழையின் தலையில் இறக்கி வைக்கவும் துணிந்துவிடுகிறான்.